மாப்பிள்ளைக்கு விழுந்த அடி

தையலக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவள் கோபம் மூக்கில் நின்றதே கிடையாது. கிளம்பிய இடத்திலிருந்து நேராகக் கைக்கு இறங்கிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணித் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு மேஸ்திரி. தையல் நேராக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் சின்னப் பெண்களின் தோள்மேல் சாய்வான். ஒரு நாள் பக்கத்து மெஷின்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே தைப்பதைப் பார்த்தாள். எழுந்து போனாள். மேஸ்திரி மேஜைமேல் கையை ஊன்றி யாரிடமோ இளித்துக்கொண்டிருந்தான். அந்த விரல்கள் மேல் மர அளவுகோலால் ஓங்கி ஒரு போடு போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அத்தனை மெஷின் இரைச்சலிலும் கேட்டது. வேலை அன்றைக்கே போயிற்று. "போனாப் போகுது, பொல்லாத வேலை" என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கல்யாணமான புதிதில் புருஷன் ஒரு தடவை, சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்று கையை ஓங்கினான். பஸ் கண்டக்டர், நல்ல மனுஷன்தான், ஆனால் அவன் அப்பனைப் பார்த்து வளர்ந்தவன். ஓங்கிய கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கி, ஆளைச் சுவரோடு வைத்து அழுத்தி, "எறக்கறியா, ஒடைக்கட்டுமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. "கல்யாணத்துக்குப் பிறகு நான் கையத் தூக்குனது பஸ்ஸுல கம்பியப் பிடிக்க மட்டுந்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவனே சொல்லிச் சிரிப்பான்.

இப்படிப்பட்டவள் பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறைக்கு வந்து சேர்ந்தாள். சலவைக்கூடத்தை ஒட்டி, பின்பக்கம், கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், ஒரு வெட்டு மேஜை, கால்மிதி போட்ட ஒரு பழைய மெஷின். தலையணை உறை, ஆபரேஷன் அங்கி, படுக்கை விரிப்பு, இவ்வளவுதான் வேலை. வருஷக்கணக்காக யாரையும் அடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கை துருப்பிடித்துவிட்டது என்று அவளே அலுத்துக்கொள்வாள்.

அப்போதுதான் ஊரையே அடைத்துப்போட்ட அந்தத் தொற்றுநோய் வந்தது. வார்டு வார்டாகக் காலி செய்து ஒரே நோயாளிகளாக நிரப்பினார்கள். டாக்டர் போதவில்லை. எலும்பு டாக்டர், தோல் டாக்டர், பல் டாக்டர், கண் டாக்டர் என்று இருந்தவர்கள் அத்தனை பேரையும் அள்ளி ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார்கள். நேற்றுவரை சொத்தைப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு மூச்சுக்குழாய் செருகினார். பாதுகாப்பு உடை தீர்ந்துபோனபோது மழைக்கோட்டுத் துணியில் தையலக்காதான் தைத்துக் கொடுத்தாள். அந்தத் துணி ஊசியை உடைக்கும், நூலை அறுக்கும். அவள் வாயிலிருந்து வருகிற வசவில் மெஷினே கொஞ்சம் பயந்து ஓடும்.

ஒரு நாள் மத்தியானம் உடை வாங்க வந்த எலும்பு டாக்டர், கதவு நிலை உயரத்துக்கு இருக்கிற மனுஷன், உடைக்குக் கையை நீட்டினார். திடீரென்று திரும்பிச் சுவரில் ஓங்கிக் குத்தினார். மறுபடி குத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்தது, கணுவில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"செவுரு உங்கள என்ன சார் பண்ணுச்சு?" என்றாள் தையலக்கா, மெஷினை நிறுத்தாமல்.

"மூஞ்சில துப்பிட்டான்க்கா. அவன் அம்மாவுக்கு நெஞ்ச அமுக்கி அமுக்கி என் கையே விட்டுப்போச்சு. வெளிய வந்து சொன்னா, துப்பறான்."

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"டாக்டர் அடிக்கலாமா?"

"டாக்டர் அடிக்கக் கூடாது. ஆனா கை அடிக்கணும்னு கேக்குதுல்ல?"

அவளுக்கு ஒரு அண்ணன். குத்துச்சண்டை பழகினவன். சின்ன வயதில் அவனுக்குக் குத்துப்பை தைத்துக் கொடுத்தவளே இவள்தான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், நோய் வருவதற்கு முன்பே கழித்துப்போட்டிருந்த மெத்தை ஒன்றை இழுத்து வந்து சுருட்டி, கெட்டித் துணியில் உறை தைத்து, பின்னாலிருந்த காலி சிலிண்டர் கொட்டகையின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். "இந்தாங்க சார், இதுக்கு அப்பன் ஆத்தா யாருமில்ல. எவ்வளவு வேணா குடுங்க" என்றாள். எலும்பு டாக்டர் அடித்த அடியில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வேர்த்து வழிய வெளியே வந்தவர், ரொம்ப நாளைக்கப்புறம் டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் பல் டாக்டர் வந்தார். சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் கிண்டல். பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தின்னுட்டுத் தொந்தியோட அசையாம நிக்குதே, அப்படியே எங்க வீட்டு மாப்பிள்ளை!" என்றார். சொந்த அக்கா புருஷன்மேல் என்ன கடுப்போ தெரியவில்லை, அடி பின்னி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பைக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நின்றுவிட்டது. "மாப்பிள்ளையப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான், கண்ணாடியையும் கழுத்தில் தொங்குகிற குழாயையும் ஆணியில் மாட்டிவிட வேண்டும், யாரை நினைத்து அடித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவள் தையலக்கா. கொட்டகையிலிருந்து வருகிற வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே தைப்பாள். பூனைமாதிரி நடக்கிற தோல் டாக்டருக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று பெற்றவளே நம்பமாட்டாள். சாயங்காலம் மாப்பிள்ளையின் கிழிசலைத் தைத்து மூடுவது அவள் கடைசி வேலை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

வராதவர் ஒருத்தர்தான். கண் டாக்டர்.

ஒடிசலான பெண். பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே பாதிதான் கேட்கும். கண் வார்டில் யாரும் சாவதில்லை. அங்கே வருகிறவர்கள் கட்டை அவிழ்த்ததும் சிரிப்பார்கள், கையைப் பிடித்துக் கும்பிடுவார்கள். அதைப் பார்த்தே பழகியவளைத் தூக்கி இங்கே போட்டார்கள். அதோடு விட்டார்களா? "நீதாம்மா பதமாப் பேசுவே" என்று, இறந்தவர்களின் வீட்டாருக்குச் செய்தி சொல்லுகிற வேலையை முழுக்க அவள் தலையில் கட்டினார் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரிக்கே தலைவர். வார்டுக்கு வெளியே கம்பிக்கதவு. அதற்கு அந்தப்பக்கம் கூட்டம். இந்தப்பக்கம் இவள். ஒவ்வொரு சாவுக்கும் போய் நின்று, "எங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சோம்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்? ஆனால் அழுகிறவன் கைக்கு அம்புதானே எட்டும்? கம்பிக்கு நடுவே கைவிட்டுக் கன்னத்தில் அறைந்தார்கள். முடியைப் பிடித்து இழுத்துக் கம்பியில் மோதினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி எறிந்தாள், உதடு கிழிந்தது. கண் டாக்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

உடை மாற்ற வரும்போது தையல் அறையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். விரல்கள் நடுங்கும்.

"தூக்கம் வரமாட்டேங்குதுக்கா. கண்ண மூடினா கம்பிக்கதவுதான். மாத்திரை போட்டாலும் வரல."

"மாப்பிள்ளைகிட்டப் போங்க டாக்டரம்மா."

"ஐயோ, எனக்குக் கை முக்கியம்க்கா. இந்தக் கையாலதான் கண்ணுக்குள்ள ஊசி பிடிக்கணும். ஒடைஞ்சுதுன்னா என் பொழப்பே போச்சு."

அதுவும் நியாயம். தையலக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல், மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பஞ்சைச் சீவி மெதுவாக அடைத்தாள். இரண்டு கைக்கும் பஞ்சு வைத்த உறை தைத்தாள். மறுநாள் கண் டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, "தோள்லேருந்து வரணும். மூச்ச விட்டுக்கிட்டே அடிங்க. கத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் அடி கொசு அடிக்கிற மாதிரி இருந்தது. பத்தாவது அடியில் ஏதோ உடைந்து திறந்துகொண்டது. அந்த ஒடிசல் உடம்பிலிருந்து வந்த அலறலைக் கேட்டு சலவைக்கூடத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அன்றைக்கு அவள் கொஞ்சம் தூங்கினாள். அப்புறம் தினமும் வந்தாள். அவள் அடிக்கிற அடியில் மாப்பிள்ளை வாரத்துக்கொரு உறை கேட்டார்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து டாக்டர்களின் மனநலத்தைக் கவனியுங்கள் என்று உத்தரவு வந்திருந்தது. நடைகூடத்தில் 'மன அமைதி மூலை' என்று ஒன்றைத் திறந்தார். பச்சை இலைப் படம், பிளாஸ்டிக் நீரூற்று, மூச்சுப்பயிற்சி வகுப்பு. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து முடித்தவர்கள் கட்டாயம் வந்து கையெழுத்துப் போட்டு, அமைதி அடைந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 'உங்கள் தோள்கள் மேகம்போல் மிதக்கட்டும்' என்று திரையில் ஒரு குரல் சொல்லும். "மொதல்ல என்னை மிதிக்காம விடச் சொல்லுங்கடா" என்று பல் டாக்டர் முணுமுணுப்பார்.

அந்த மூலையைச் சுற்றிக்காட்ட யாரையோ அழைத்து வந்த நேரத்தில்தான் பெரிய டாக்டர் காதில் அலறல் விழுந்தது. கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தார். கண் டாக்டர் முடி அவிழ்ந்து, முகமெல்லாம் கண்ணீரும் மூக்குநீருமாக மாப்பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தாள்.

"என்ன இது? டாக்டர்களா ரவுடிகளா? வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி மானம் என்னாகும்? நோயாளி படுத்த மெத்தைய வேற கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க!"

"சார், இது அதுக்கு முன்னாடியே கழிச்சுப்போட்ட மெத்தை" என்று தையலக்கா குறுக்கே வந்தாள். "இந்தம்மா இதாலதான் தூங்குது. சாவு சொல்ற வேலைய எல்லாருக்கும் முறை வச்சுக் குடுங்க சார். ஒரே ஆளு எவ்வளவு வாங்கும்?"

"நீ தையல் வேலையப் பாரு. அந்தம்மா பதமாப் பேசுது, அதனால போடறேன். நிர்வாகம் எனக்குத் தெரியும்."

அங்கேயே மெத்தையை இறக்கி முற்றத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். பஞ்சு எரிகிற நாற்றம் மூக்கைத் துளைத்தது. தையலக்காவின் கை பரபரத்தது. வேலை வெட்டி இல்லாமல் புருஷன் வீட்டில் இருக்கிறான், பஸ் ஓடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையை அடக்கிக்கொண்டாள். அடக்கியிருக்கக் கூடாது, ஒன்று கொடுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை போனதும் கண் டாக்டரின் தூக்கமும் போயிற்று. இந்தத் தடவை நடுக்கம்கூட இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "இந்தப் பொண்ணு நமக்கு இல்லாமப் போயிடும்போலிருக்கு" என்று தையலக்கா புருஷனிடம் சொன்னாள்.

ஒரு மத்தியானம், தைத்த உடைகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலுக்குப் போனாள். கம்பிக்கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான். அகலமான ஆள், நகத்திலெல்லாம் கருப்பு எண்ணெய். கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. முந்தைய நாள் கண் டாக்டர் அவனிடம், "அப்பா இன்னிக்குப் பரவாயில்ல, கண்ணாடி கேட்டாரு" என்று சொல்லியிருந்தாள். அவன் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

கண் டாக்டர் கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள். "எங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சோம்" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினான். "நேத்து நல்லா இருக்காருன்னு நீதானடி சொன்னே!" கண்ணாடி கீழே விழுந்து அவன் காலிலேயே நசுங்கியது. காத்திருந்த கூட்டமே அவனோடு சேர்ந்து கம்பிக்கதவை உலுக்கியது. தாழ்ப்பாள் பெயர்ந்துகொண்டு வந்தது. உள்ளே பாய்ந்தார்கள். ஒருவன் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் எறிந்தான், சில்லுகள் கூடமெங்கும் தெறித்தன. மருந்து மேஜை கவிழ்ந்தது. நர்ஸ் ஒருத்தி முழங்காலில் விழுந்து சில்லுகள்மேலேயே ஊர்ந்தாள். தடுக்க வந்த பல் டாக்டரின் கழுத்தை மெக்கானிக் இரண்டு கையாலும் பிடித்துச் சுவரில் வைத்து மோதினான். ஒரு மோதல், இரண்டு மோதல். பல் டாக்டரின் கால் தரையில் உதைத்துக்கொண்டது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அந்தக் கூடம் எம்மாத்திரம்? கண் டாக்டர் சலைன் மாட்டுகிற இரும்புக் கம்பத்தைத் தூக்கினாள். மெக்கானிக்கின் முதுகில் இறக்கினாள். அவன் பிடியை விட்டான். பல் டாக்டர் சரிந்து விழுந்து இருமினார். அத்தோடு நின்றிருந்தால் ஒரு குறையும் இல்லை. அவள் நிற்கவில்லை. தோளில் ஒன்று. முழங்காலில் ஒன்று, ஆள் விழுந்தான். விழுந்தவன் தலையில் ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் அவள் தொண்டை கிழியக் கத்தியது ஒரே வாக்கியம்: "எங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சோம்! எங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சோம்!" ரத்தம் அவள் வெள்ளை உடையில் அடித்தது. கூட்டம் பின்வாங்கி ஓடியது. டாக்டர்களும் அசையவில்லை. தோளிலிருந்து வந்த அடி அது. மூச்சை விட்டுக்கொண்டே அடித்த அடி.

சொல்லிக் கொடுத்தவளுக்குத்தான் அது தெரிந்தது. தையலக்கா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கீழே கிடந்தவன்மேல் குப்புற விழுந்தாள். அவன் தலைக்குமேல் வலது கையைக் குறுக்கே வைத்தாள். கம்பம் இறங்கியது. எலும்பு இரண்டாகப் போனது அவளுக்கே கேட்டது. மறுபடியும் இறங்கியது.

"இது மாப்பிள்ளை இல்ல டாக்டரம்மா!" என்று அலறினாள். "மனுசன்! மனுசன்!"

மூன்றாவது அடி மேலேயே நின்றுவிட்டது. கம்பம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

எலும்பு டாக்டர்தான் தையலக்காவின் கையைப் பொருத்திக் கட்டுப் போட்டார். "ரொம்ப நாளைக்கப்புறம் என் சொந்த வேலையப் பாக்கறேன்க்கா" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "இன்ஸ்பெக்டர் வருவாரு. அந்த மெக்கானிக் இரும்புக் கம்பத்தால உன்னை அடிச்சான். தற்காப்புக்கு எல்லாரும் சேர்ந்து அவனப் பிடிச்சு அடக்கினாங்க. அவ்வளவுதான். உள்ள எல்லாரும் ஒரே மாதிரி உடையில இருந்ததால யாருக்கும் எதுவும் தெரியல. டாக்டர் அடிச்சாங்கன்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு ஒரு டாக்டரும் நிம்மதியா வேலை செய்ய முடியாது. புரியுதா?"

அவர் போனதும் கண் டாக்டர் வந்தாள். கட்டுப்போட்ட கையைத் தொடப்போனவள் தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா. சொல்லிடாதீங்கக்கா. எங்கம்மா தனியாளா நின்னு படிக்க வச்சாங்க. எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

தையலக்காவுக்கு அந்தப் பெண்மேல் இருந்த பாசம் பெற்ற பிள்ளைமேல் இருக்கிற பாசம். சொல்லக் கூடாது என்றுதான் மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டாள். புருஷனும் காதோரம் வந்து, "ஒரு வாழ்க்கை ஒன் வாயில இருக்கு. பார்த்துக்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய டாக்டர் ஒரு பக்கம், கண் டாக்டர் ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார். "கவலைப்படாதீங்கம்மா. பொம்பள கையை ஒடைச்சவன சும்மா விடுவமா? கட்டு போட்ட தலைன்னுகூடப் பார்க்கல. எங்க பசங்க கொண்டுபோன நேரத்துலேருந்து நல்லாக் குடுத்துக்கிட்டிருக்காங்க. நான் பண்ணலங்கறான். கேட்டா அப்பாவக் காட்டுங்கங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கையைக் கட்டிப் போட்டு ஒருவனை அடிக்கிறார்கள், அதுவும் இவள் பெயரைச் சொல்லி. தையலக்காவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"அடிக்கறத நிறுத்தச் சொல்லுங்கய்யா இப்பவே! அவன் கதவ ஒடைச்சான், பல் டாக்டர் கழுத்தப் பிடிச்சான். அதுக்கு என்ன உண்டோ அதப் பண்ணுங்க. என் கைய அவன் தொடல. இந்தம்மாதான் அடிச்சாங்க." இடது கையை நீட்டிக் கண் டாக்டரைக் காட்டினாள். கண் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். "அடிக்கச் சொல்லிக் குடுத்தது நான். அடிச்சு ஆத்திக்க ஒரு மெத்தை வச்சிருந்தேன், அதக் கொளுத்துனது இதோ நிக்கறாரே, இவரு. எழுதுங்க. இந்த ஆஸ்பத்திரியில விழற சாவு அத்தனையையும் ஒரு பொண்ணு வாயில திணிச்சது யாருன்னு அதையும் கேட்டு எழுதுங்க!"

பெரிய டாக்டர் முகம் செத்துவிட்டது. கண் டாக்டர் திரும்பி நடந்து கதவுக்கு வெளியே போனாள். தையலக்கா அப்படியே படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள்.

மெக்கானிக்கை அன்றைக்கே விட்டார்கள். டாக்டர்மேல் புகார் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, "தூரத்துல நின்னாவது எங்கப்பன் மொகத்தைப் பார்க்க விடுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றானாம். ஆஸ்பத்திரியும் கதவுக்கான புகாரை விட்டுவிட்டது. ஆனால் கண் டாக்டருக்குத் தற்காலிகப் பணிநீக்கம் என்று உத்தரவு போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காட்டிக்கொடுத்தவள் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தையலக்காவைப் பேசினார்கள். அவள் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். புருஷன்தான் தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டினான். அவள் வாயைத் திறக்கவே அவன் கெஞ்ச வேண்டியிருந்தது.

போன் அடித்தது. அவன் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"தையல்காரம்மாவா? நான் கண் டாக்டரோட அம்மா. உங்களத் திட்டணும்னுதான் நம்பரத் தேடிப் பிடிச்சேன். எம்பொண்ணு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"திட்டுங்கம்மா."

"திட்டத்தான் போறேன், இருங்க. மொதல்ல ஒண்ணு கேக்கணும்." குரல் இறங்கியது. "நேத்து மத்தியானம் அந்த உத்தரவோட வந்து செருப்பக்கூடக் கழட்டாமப் படுத்தவ. இன்னும் எழுந்திரிக்கல. எனக்குப் பயமா இருக்கு."

"மூச்சு வருதா?"

"வருது. குறட்டை விடறா. அவ கொறட்டை விட்டு நான் கேட்டதே இல்ல."

தையலக்கா போனை இடது கையால் வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எழுப்பாதீங்கம்மா" என்றாள்.

"அதில்ல. வாசல்ல ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்குது. உத்தரவ ரத்து பண்ணிட்டாங்களாம். கம்பிக்கதவுல நின்னு சொல்ல ஆள் இல்லையாம், யாரும் போகமாட்டேங்கறாங்களாம். பெரிய டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொன்னாராம். வேலை திரும்பிருச்சேன்னு சந்தோசப்படறதா, என்ன பண்றதுன்னு தெரியல. எழுப்பட்டுமா?"

"போனக் கொண்டுபோயி அந்த டிரைவர்கிட்டக் குடுங்க."

டிரைவர் வந்தான். "அக்கா, நான் என்ன பண்ணுவேன், எனக்கு உத்தரவு..."

"டேய்! அந்தக் கதவுல கை வச்சே, வந்து ஒன் கைய முறிச்சு ஒன் பையிலயே போட்டு அனுப்புவேன். எனக்கு இன்னொரு கை நல்லாத்தான் இருக்கு. வண்டியத் திருப்பு. திருப்பிக்கிட்டுப் போயி ஒங்க பெரிய டாக்டர்கிட்டச் சொல்லு. இன்னிக்குச் சாவு சொல்றது அவரு மொறை. அவரே போய்க் கம்பிக்குப் பக்கத்துல நிக்கட்டும். வாங்கிப் பார்க்கட்டும். போடா!"

புருஷன் சோற்றுக் கிண்ணத்தோடு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான். போனில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"போயிட்டான்" என்றாள் அம்மா.

"அவங்க?"

"பொரண்டு படுத்தா. முழிக்கல."

"சரிம்மா. இப்பத் திட்டுங்க."

"அப்புறம் திட்டறேன்" என்று அம்மா கிசுகிசுத்தாள். "சத்தம் கேட்டு முழிச்சுக்கப் போறா."